புல்வெளிப் பேராலயம்: கட்டியவர்களும் காத்தவர்களும்

யூபிலி மலரில் சொந்தப் பங்கின் வரலாற்றை எழுதுவதே வழக்கம். நமது ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய குருவானவரைப் பற்றியும், கல்லும் மண்ணும் சுமந்த முன்னோரைப் பற்றியும் இம்மலரின் ஏனைய பக்கங்கள் விரிவாகக் கூறும். இக்கட்டுரையோ கடல் கடந்த ஒரு சிற்றூரின் பங்கைப் பற்றியது.

கனடா நாட்டின் பரந்த புல்வெளியிலே, கோதுமை வயல்களின் நடுவே, கிராவெல்பூர் என்றோர் ஊர் உண்டு. இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆனால் அவ்வூரில் இரட்டைக் கோபுரங்களோடு ஒரு பேராலயம் நிற்கிறது. நெடுந்தொலைவிலிருந்து வருபவரின் கண்ணுக்கு ஊர் தெரியுமுன்னரே கோபுரங்கள் தெரியும். ஆயிரம் பேருக்கு ஒரு பேராலயமா என்று வியக்கத் தோன்றும். அவ்வாலயம் எவ்வாறு எழுந்தது, அதற்கு ஒரு மறைமாவட்டம் எவ்வாறு கிடைத்தது, கிடைத்த மறைமாவட்டம் எவ்வாறு இல்லாமற் போயிற்று, அது போன பின்னும் ஆலயம் எவ்வாறு நிலைத்தது என்பவற்றை அறிவது நமக்கும் பயன் தரும்.

நமக்கும் அவ்வூருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. புனித யூஜின் தெ மசெனோட் ஆண்டகை 1816ஆம் ஆண்டில் பிரான்சிலே தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1841இல் கனடாவின் மொன்றியால் நகருக்கும், 1845இல் மேற்கேயுள்ள புல்வெளி நாட்டுக்கும், 1847இல் இலங்கைக்கும் சென்றனர். அனுப்பி வைத்த அவரோ கனடாவையும் கண்டதில்லை, யாழ்ப்பாணத்தையும் கண்டதில்லை. பனியில் நாய் வண்டியேறிப் போனவர்களும், வெயிலில் மாட்டு வண்டியேறி மன்னார்ப் பக்கம் போனவர்களும் ஒரே சபைச் சகோதரர்களே. அச்சபையைச் சேர்ந்த ஒருவரே கிராவெல்பூரின் முதலாவது ஆயர்.

நிலமும் மக்களும்

கிராவெல்பூர், சஸ்கச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில் உள்ளது. மாகாணத் தலைநகராகிய றெஜைனாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 190 கிலோமீற்றர் செல்ல வேண்டும். அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீற்றரளவில் அமெரிக்க எல்லை வந்துவிடும். மலையில்லை, காடில்லை. எட்டுத் திசையிலும் வானமும் நிலமும் தொட்டுக் கொண்டிருக்கும். மாரியிலே நீர் உறைநிலைக்கு முப்பது பாகை கீழே குளிரும், கோடையிலே முப்பது பாகைக்கு மேலே வெப்பமும் அங்கு வழக்கம்.

அந்நிலம் ஆளில்லாத வெறுநிலமாக இருந்ததில்லை. பெருங் காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து வாழ்ந்த ஆதிக்குடிகள் அங்கு பன்னெடுங்காலம் இருந்தனர். ஆதிக்குடிப் பெண்களுக்கும் பிரெஞ்சு வணிகர் முதலியோருக்கும் பிறந்த மெற்றி இனத்தவர் அயலிலுள்ள வில்லோ பஞ்ச், வூட் மவுண்டன் பகுதிகளில் வாழ்ந்தனர். அவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1874ஆம் ஆண்டு கப்பெல் கோட்டையிலே நான்காம் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. தெற்குச் சமவெளியின் பெரும்பகுதி அவ்வுடன்படிக்கையின் வழியே அரசின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் காட்டெருமை மந்தைகளும் அற்றுப் போயின. அதன் பின்னரே உழவர் வந்தனர்.

வந்தவர்களைக் கவர்ந்தது 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டம். பத்து டொலர் பதிவுப் பணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம். அதில் குடியிருந்து, குறித்த அளவு நிலத்தைப் பண்படுத்தினால் அது சொந்தமாகும். மரமில்லாத நாட்டில் வீடு கட்டுவது எப்படி? புல்வேரோடு மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அத்தகைய மண்கட்டி வீடுகளிலே புல்வெளிக் குடியேறிகள் பலர் முதல் மாரியைக் கழித்தனர்.

குருவானவர் கிராவெல்

இவ்வூரை உருவாக்கியவர் கியூபெக் மாகாணத்தவரான குருவானவர் லூயி ஜோசப் பியேர் கிராவெல். அக்காலத்தில் கியூபெக்கிலே குடும்பங்கள் பெருகி, காணி போதாமற் போயிற்று. இலட்சக் கணக்கானோர் எல்லை தாண்டி அமெரிக்காவின் நெசவாலைகளுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். அங்கே போனவர்கள் மொழியை இழப்பார்கள், மொழியோடு விசுவாசத்தையும் இழப்பார்கள் என்று திருச்சபைத் தலைவர்கள் அஞ்சினர். ஆகவே அம்மக்களை மேற்குப் புல்வெளிக்கு அழைத்துச் சென்று நிலத்தில் அமர்த்தும் பணிக்கென்றே சில குருக்களை நியமித்தனர். அவர்களுக்குக் குடியேற்றக் குருக்கள் என்று பெயர். கிராவெல் அடிகள் அவர்களில் ஒருவர்.

1906ஆம் ஆண்டளவில் வூட் ஆற்றங்கரையில் அவர் இடம் தெரிந்தார். வெறுமனே பிறரை அனுப்பிவிட்டு நிற்கவில்லை; தம் உடன்பிறந்தோரையும் அங்கேயே குடியமர்த்தினார். ஊருக்கு அக்குடும்பத்தின் பெயரே நிலைத்தது. பிரெஞ்சு மொழியில் 'பூர்' என்றால் சிற்றூர். நம்முடைய 'ஊர்' என்னும் சொல்லோடு ஓசையில் ஒத்திருப்பது தற்செயலே எனினும், கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. 1912இல் கிராமமாகவும் 1916இல் பட்டினமாகவும் அது பதிவாயிற்று. கிராவெல் அடிகள் 1926ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

மூன்று கட்டடங்கள், ஒரு கல்லூரி

முதலாம் உலகப் போரின் காலம். ஐரோப்பாவின் வயல்கள் போர்க்களமாகிவிட்டமையால் கனடாவின் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. ஒரு புசல் இரண்டு டொலருக்கும் மேலே விற்றது. கையில் வந்த செல்வத்தின் ஒரு பங்கை அம்மக்கள் ஆலயத்துக்குக் கொடுத்தனர்.

இயேசு மரி சபை அருட்சகோதரிகள் 1915இல் அங்கு வந்தனர். இச்சகோதரிகளும் நமக்குப் புதியவர்களல்லர். பிரான்சின் லியோன் நகரில் புனித கிளோடின் தெவெனே தொடங்கிய இச்சபையின் முதலாவது வெளிநாட்டுப் பணித்தளம் இந்தியாவின் ஆக்ரா நகரே. 1842இலேயே அவர்கள் அங்கு சென்றனர். கிராவெல்பூரில் அவர்களது மடமும் பாடசாலையும் 1917-18இல் எழுந்தன. அயல் பண்ணைகளின் பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தனர்.

அடுத்து ஆலயம். மொன்றியாலைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஃபோர்த்தான் வரைந்த படத்தின்படி 1918இல் வேலை தொடங்கி 1919இல் நிறைவுற்றது. இளநிறச் செங்கற் சுவர்களும், இருபுறமும் உயர்ந்த மணிக்கோபுரங்களும் கொண்ட அவ்வாலயம் முதலில் புனித பிலோமினம்மாளின் பெயரால் வழங்கிற்று. நம் பாட்டிமார் பலரின் பெயராகிய அதே பிலோமினாதான். 1961இல் திருவழிபாட்டு நாட்காட்டியிலிருந்து அப்புனிதையின் திருநாள் நீக்கப்பட்டது. பின்பு இவ்வாலயம் விண்ணேற்பு அன்னையின் பெயரைப் பெற்றது. எனினும் பிலோமினம்மாளின் வரலாற்றைக் கூறும் ஓவியங்கள் இன்றும் உள்ளே இருக்கின்றன. பெயர் மாறினும் பக்தியின் சுவடு மாறவில்லை.

மடம், ஆலயம், அருகே குருமனை. பிற்காலத்தில் ஆயர் இல்லமாக விளங்கியது அக்குருமனையே. இம்மூன்றும் ஒரே வரிசையில் அமைந்த அழகை இன்றும் காணலாம்.

றெஜைனாவின் முதலாவது ஆயரும், பின்னர் பேராயருமான ஒலிவியே எல்சேயார் மத்தியூ ஆண்டகை முன்னர் கியூபெக் லவால் பல்கலைக்கழகத்தின் அதிபராக இருந்தவர். கல்வியின் அருமை அறிந்த அவர் 1918இல் இங்கு ஆண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். மத்தியூ கல்லூரி என்பது அதன் பெயர். 1920இல் அமலமரித் தியாகிகள் அதன் பொறுப்பை ஏற்றனர்.

தூரிகை பிடித்த பங்குத் தந்தை

ஆலயத்தின் வெளித்தோற்றம் கம்பீரமானது. உள்ளே நுழைந்தாலோ கண் நிறைந்துவிடும். சுவரிலும் விதானத்திலும் வண்ண ஓவியங்கள் நிறைந்துள்ளன. இவற்றைத் தீட்டியவர் வெளியிலிருந்து கூலிக்கு வந்த ஓவியர் அல்லர். பிரான்சில் பிறந்து அப்பங்கைப் பொறுப்பேற்ற பங்குத் தந்தை ஷார்ல் மையார் அடிகளே அவற்றை வரைந்தார். 1921இல் தூரிகையை எடுத்தவர் 1931இல் தான் கீழே வைத்தார்.

பத்து ஆண்டுகள்! அப்பத்து ஆண்டுகளிலும் அவர் பங்குத் தந்தையாகவே இருந்தார். திருப்பலி, பாவசங்கீர்த்தனம், நோயாளர் சந்திப்பு, திருமணம், அடக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் இடையே கிடைத்த நேரமே ஓவியத்துக்கான நேரம். இந்த ஓவியங்களின் முன்னே நிற்கும் ஒருவர் கலையின் சிறப்பை மட்டுமன்றி, ஒரு குருவானவரின் பொறுமையையும் காண்கிறார். இன்று ஊரிலுள்ள பண்பாட்டு நிலையம் மையார் என்ற அவரது பெயரையே தாங்கி நிற்கிறது.

1930ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கிராவெல்பூரைத் தனி மறைமாவட்டமாக உயர்த்தினார். ஆலயம் பேராலயமாயிற்று. முதலாவது ஆயராக வந்த அமலமரித் தியாகி றொட்றிக் வில்நெவ் ஆண்டகை அங்கு நெடுங்காலம் இருக்கவில்லை. 1931இல் கியூபெக் பேராயராக அழைக்கப்பட்டார். 1933இல் கர்தினாலாக உயர்ந்தார்.

வானம் பொய்த்த ஆண்டுகள்

மறைமாவட்டம் பிறந்த வேளை நல்ல வேளையாக இருக்கவில்லை. 1857 முதல் 1860 வரை அந்நாட்டை ஆராய்ந்த ஜோன் பலிசர் என்பவர், தெற்குப் புல்வெளியின் ஒரு பெரும் முக்கோணப் பகுதி வறண்டது, வேளாண்மைக்கு ஏற்றதன்று என்று எழுதியிருந்தார். மழை பெய்த நல்ல ஆண்டுகளில் அவ்வெச்சரிக்கையை எல்லோரும் மறந்தனர். கிராவெல்பூர் அம்முக்கோணத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

1930களில் மழை பொய்த்தது. புல்லின் வேரை உழுது அகற்றிய நிலம் காற்றில் பறந்தது. பட்டப்பகலில் விளக்கேற்றும்படி புழுதிப் புயல் வீசிற்று. அதே வேளை உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி. இரண்டு டொலருக்கு மேல் விற்ற கோதுமைப் புசல் 1932இன் இறுதியில் 40 சதத்துக்கும் கீழே இறங்கியது. 1937இல் சஸ்கச்சுவானின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புசலுக்கும் குறைவு. விதைத்தது கூடத் திரும்பி வரவில்லை என்று சொல்லத்தக்க நிலை.

கிழக்கு மாகாணங்களின் மக்கள் புகையிரதப் பெட்டிகளில் உணவும் உடையும் அனுப்பினர். கடலோர மாகாணங்களிலிருந்து உப்பிட்டு உலர்த்திய மீனும் வந்தது. கடலையே கண்டிராத புல்வெளி மக்கள் பலருக்கு அதை எப்படிச் சமைப்பது என்று தெரியவில்லையாம். நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் அங்கு இருந்திருந்தால் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காட்டியிருப்பார்!

நிலத்தை விட்டுப் பலர் வடக்கே சென்றனர். எஞ்சியவர்கள் ஆலயத்தைப் பூட்டிவிடவில்லை. செல்வக் காலத்தில் கட்டிய பெரும் ஆலயத்தை வறுமைக் காலத்தில் காத்தவர்கள் அவர்களே.

மொழிக்கு வந்த சோதனை

பஞ்சம் ஒருபுறமிருக்க, வேறொரு சோதனையும் வந்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகளில் ஆங்கிலத்தையே போதனா மொழியாக்கி, முதலாம் வகுப்பில் மட்டும் பிரெஞ்சுக்கு இடம் விட்டிருந்தது. 1929இல் ஆட்சிக்கு வந்த அண்டர்சன் அரசு 1930இல் பொதுப் பாடசாலைகளில் துறவற உடையையும் சமயச் சின்னங்களையும் தடை செய்தது. 1931இல் முதலாம் வகுப்பிலிருந்த பிரெஞ்சுப் போதனையையும் நிறுத்தியது. சிலுவை சுவரில் தொங்கக் கூடாது. கன்னியர் தம் உடையோடு கற்பிக்கக் கூடாது. பிள்ளை தாய்மொழியில் எழுத்தறியக் கூடாது. இவை யாவும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

தாய்மொழிக்கு இடமில்லை என்று கேட்கும்போது வரும் வேதனை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் என்ன செய்தனர்? வீட்டிலும் ஆலயத்திலும் மொழியைக் காத்தனர். செபமாலையும் மறைக்கல்வியும் பிரெஞ்சிலேயே தொடர்ந்தன. 1952இல் கிராவெல்பூரிலேயே பிரெஞ்சு வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். அத்தனை சிறிய ஊரில் ஒரு வானொலி நிலையம்! 1973இல் அது தேசிய ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

1980இல் அதே மாகாணத்தில் அந்திரே மேர்க்யூர் என்னும் குருவானவருக்கு வேகமாக வாகனமோட்டியதற்குத் தண்டப் பத்திரம் கிடைத்தது. தம் வழக்கைப் பிரெஞ்சு மொழியில் விசாரிக்க வேண்டுமென அவர் கேட்டார். வழக்கு நாட்டின் உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1986இல் அவர் காலமானார். 1988இல் தீர்ப்பு வந்தது. பழைய சட்டத்தின்படி பிரெஞ்சுக்கு உரிமை உண்டு, ஆனால் மாகாணம் விரும்பினால் அதை நீக்கலாம் என்றது தீர்ப்பு. மாகாணம் அவ்வாண்டே அதை நீக்கியது.

அதே 1988இல் மத்தியூ கல்லூரியின் பழைய கட்டடம் தீக்கிரையாயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு இழப்புகள். ஆயினும் கல்லூரி மீண்டும் எழுந்தது. 1990களில் பிரெஞ்சுப் பெற்றோர் தம் பாடசாலைகளைத் தாமே நிர்வகிக்கும் உரிமையையும் பெற்றனர்.

மறைக்கலாகாத பக்கம்

யூபிலி என்பது மகிழ்ச்சியின் காலம் மட்டுமன்று, மனந்திரும்புதலின் காலமுமாகும். ஆகவே இதையும் எழுத வேண்டியுள்ளது.

தம் மொழி மறுக்கப்பட்டபோது வருந்திய அதே திருச்சபை, ஆதிக்குடிப் பிள்ளைகளின் மொழியை மறுக்கும் பணியிலும் பங்கெடுத்தது. அரசு ஏற்படுத்திய விடுதிப் பாடசாலைகள் பலவற்றை அமலமரித் தியாகிகள் நடத்தினர். சஸ்கச்சுவானிலேயே லெபிரே என்னும் ஊரில் 1884 முதல் அத்தகைய பாடசாலை ஒன்று இருந்தது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் வீடு திரும்பவேயில்லை. 1991இல் கனடாவின் அமலமரித் தியாகிகள் ஆதிக்குடி மக்களிடம் மன்னிப்புக் கோரினர். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் தாமே கனடாவுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்.

தனக்கு நேர்ந்த அநீதியை உணர்ந்தவன் பிறனுக்குத் தான் செய்யும் அநீதியை உணராமற் போவது மனித பலவீனம். புல்வெளித் திருச்சபையின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய மிகக் கடினமான பாடம் இதுவே எனலாம்.

இன்றைய கிராவெல்பூர்

உழவு இயந்திரங்கள் பெருகின. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. உழவர் குடும்பங்களோ குறைந்தன. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் சென்றனர். இறையழைத்தல்களும் அருகின. 1998ஆம் ஆண்டு கிராவெல்பூர் மறைமாவட்டம் கலைக்கப்பட்டு றெஜைனாவோடு இணைக்கப்பட்டது. அறுபத்தெட்டு ஆண்டு வாழ்ந்த மறைமாவட்டம் அத்தோடு முடிந்தது. பேராலயத்துக்கு இணைப் பேராலயம் என்ற நிலை கிடைத்தது.

ஆனால் ஊர் தன் செல்வத்தை உணர்ந்திருந்தது. 1995இல் பேராலயம், ஆயர் இல்லம், கன்னியர் மடம் ஆகிய மூன்றும் சேர்ந்து கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டன. மடத்தில் ஆரம்பப் பாடசாலை இயங்கலாயிற்று. கன்னியர் கற்பித்த அறைகளிலே பிள்ளைகளின் குரல் தொடர்ந்தது. ஆயர் இல்லம் பயணிகள் தங்கும் விடுதியாயிற்று. ஊரின் அரும்பொருட்சாலையையும், பழைய நீதிமன்றக் கட்டடத்தையும், மையார் அடிகளின் ஓவியங்களையும் காண வெளியூரார் வருகின்றனர். கோடை விழாவில் பிரெஞ்சுப் பாடலும் ஆங்கிலப் பாடலும் அருகருகே கேட்டிருக்கின்றன. பிரேரியில் ஐரோப்பாவின் சாயல் என்று ஊரார் தம் ஊரைப் பெருமையோடு அழைக்கின்றனர்.

சுற்றிலுமுள்ள வயல்களில் இப்போது கோதுமையோடு கடுகும் பருப்பு வகைகளும் விளைகின்றன. கனடாவின் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி சஸ்கச்சுவானில் விளைவதே. அது நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்து சேருகிறது. அப்புல்வெளியின் விளைச்சலை அறியாமலே நாம் சோற்றோடு பிசைந்து உண்டிருக்கிறோம்.

நமக்கு என்ன?

கிராவெல்பூரின் வரலாற்றில் ஆலயம் கட்டிய காலம் இரண்டே ஆண்டுகள். அதைக் காத்த காலமோ நூறு ஆண்டுகளுக்கு மேல். கட்டும்போது பணமிருந்தது, மக்களிருந்தனர், உற்சாகமிருந்தது. காக்கும்போது புழுதிப் புயலும், வெறுங்கையும், பிரிந்து போகும் பிள்ளைகளும் இருந்தனர். கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கும். ஒவ்வொரு மாரியிலும் கூரையைச் செப்பனிட்டவர்கள், ஞாயிறுதோறும் கதவைத் திறந்தவர்கள், பிள்ளைகளுக்குத் தம் மொழியிலே செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர் எங்கும் இருக்காது. இறைவனுடைய புத்தகத்தில் மட்டுமே இருக்கும்.

நம் பங்கிலும் பிள்ளைகள் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களிற் சிலர் அதே கனடாவிலே வாழ்கின்றனர். திருநாள்களில் நிரம்பும் வாங்குகள் சாதாரண ஞாயிறுகளில் வெறுமையாவதை நாமும் காண்கிறோம். எண்ணிக்கை குறைவதே ஒரு பங்கின் முடிவாகிவிடாது என்பதற்குக் கிராவெல்பூர் சாட்சி. மறைமாவட்டம் என்ற பட்டம் போயிற்று, பங்கு போகவில்லை. எஞ்சியிருப்பவர் ஒருவரையொருவர் தாங்கி, அயலவரையும் மதித்து, பெற்றதைக் காத்து நிற்கும் வரை அது போவதுமில்லை.

இவ்வாலயத்தை நமக்குக் கட்டித் தந்த முன்னோருக்கு நித்திய இளைப்பாற்றியையும், அதைக் காத்து நிற்கும் நமக்கு உறுதியையும் இறைவன் அருள்வாராக. புல்வெளிப் பங்கையும் நம் பங்கையும் ஒரே மேலாடையால் மூடிக் காக்கும் விண்ணேற்பு அன்னை நமக்காக வேண்டிக் கொள்வாராக.